ஐம்புலனும் மெய்ந்நிலையுணர்வும்

1. வினா

கண்ணை மூடிக்கொண்டு ஒருவன் தன் வலக்கைச் சுட்டுவிரலால் மூக்கின் நுனியைத் தொட முயல்வானாயின், பெரும்பாலும் தவறாது தொட்டுவிடுகின்றான். கை எங்கே இருக்கின்றது என்பதைக் கண் அவனுக்குக் கூறவில்லை. செவியும் மூக்கும் நாவும் கூறவில்லை. கை வெளியிடையே வரும்போது யாதொரு பொருளையும் தீண்டவுமில்லை. எனினும் அவன் அறிகின்றான். இவ்வறிவு எப்புலனின்பாற்படும்?

இவ்வினா உடலியலார்க்கே உரியது போலத் தோன்றும். இது தமிழாய்வார்க்கும் உரியதென்பதும், இதனை நாம் எழுப்பாமையால் பழம்பாடல்களின் திறனாய்வில் ஒரு குறை நேர்ந்துள்ளதென்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும். சங்கப் பாடல்களின் நயங்கூறப் புகுவார் காட்சி, ஓசை, ஊறு, சுவை, நாற்றம் என ஐந்தாக வகுத்துக்கொண்டு எடுத்துக்காட்டுத் தேடுதல் வழக்கமாகிவிட்டது. அவ்வைந்து பேழைகளுள் அடங்காததொன்று பாட்டிற் காணப்படின், அதனைக் காட்சி என்னும் பேழையுள் இட்டு மூடிவிடுகின்றோம். ஒரு பாட்டு உடல் தன்னைத்தானே அறிதலைப் பாடும்போது அதனைக் கண்ணுக்குரிய ஓவியமாகப் படித்தல் பிழையாகும். இப்பிழை நேருமாற்றினையும் அதனை நீக்குமாற்றினையும் ஈண்டு ஆராய்வோம்.

2. உடலியலார் கண்டது

ஐந்தே புலன் என்னும் கொள்கை தமிழர்க்கு மட்டும் உரியதன்று. கிரேக்கப் பேரறிஞர் அரிசுட்டாட்டில் உயிர்பற்றி எழுதிய நூலில், ஐம்புலன் அன்றி வேறு புலன் இல்லையென நிறுவ முயன்றார். மேலை நாட்டிலும் இக்கொள்கை பன்னூறாண்டு நின்றது. 1826-இல் சார்லசு பெல் என்பார், மூளையினின்று தசைக்கு ஏவல் செல்லும் நரம்பு இருத்தல் போன்றே, தசையின் நிலையை மூளைக்கு உணர்த்தும் நரம்பும் உண்டென விளக்கினார். 1906-இல் செரிங்டன் தம் நூலில் இவ்வுணர்வுக்குத் தனிப் பெயரும் தனி இடமும் வகுத்தார். புறப்பொருளை உணர்தல் வேறு, உடல் தன் உறுப்புகளின் நிலையையும் அசைவையும் உணர்தல் வேறு என்பது அவர் தெளிவுறுத்திய பாகுபாடு.

இவ்வுணர்வுக்குரிய கருவிகள் தோலிலன்றி உள்ளே அமைந்தவை. தசையினுள் கதிர் போன்ற நுண்ணுறுப்புகள் உள்ளன. அவை தசை நீளுதலையும் நீளும் விரைவையும் உணர்த்தும். தசைநாணில் உள்ள வேறு சில உணர்முனைகள் அதன்மேல் விழும் இழுப்பை உணர்த்தும். மூட்டும் தோலும் துணை செய்யும். தலையின் சாய்வையும் சுழற்சியையும் உட்செவி அறிவிக்கும். 1972-இல் குட்வின், மக்கிளாசுக்கி, மாத்தியூசு என்னும் மூவர் ஓர் ஆய்வு வெளியிட்டனர். கண்கட்டப்பட்டவரின் மேற்கைத் தசைநாணில் அதிர்வு ஊட்டியபோது, முழங்கை உள்ளவாறன்றி மேலும் நீண்டிருப்பதாக அவர் உணர்ந்தார். தசையின் கருவியே நிலையுணர்வுக்குத் தலையாயது என்பது இதனால் துணியப்பட்டது.

இப்புலன் இழந்தார் நிலை இன்னும் தெளிவாக அதன் தன்மையைக் காட்டும். 1971-இல் பத்தொன்பது அகவையினரான ஐயன் வாட்டர்மன் என்னும் ஆங்கிலேயர், காய்ச்சல் ஒன்றின்பின் கழுத்துக்குக் கீழே தொடுவுணர்வையும் உறுப்புநிலை உணர்வையும் இழந்தார். தசையை இயக்கும் நரம்புகள் கெடவில்லை. வெப்பும் நோவும் உணரும் ஆற்றலும் கெடவில்லை. எனினும் அவரால் எழுந்து நிற்க இயலவில்லை. நெடுநாட் பயிற்சியால், ஒவ்வோர் உறுப்பையும் கண்ணாற் பார்த்து நினைந்து நினைந்து இயக்கி, இருத்தலும் நிற்றலும் நடத்தலும் மீளக் கற்றார். விளக்கு அவிந்தால் வீழ்ந்துவிடுவார். இவ்வரலாற்றைச் சோனதன் கோல் என்னும் மருத்துவர் 1991-இல் நூலாக்கினார். நமக்குக் கண்ணின் துணை வேண்டாத செயலை அவர் கண்ணாலேயே செய்ய வேண்டியதாயிற்று. கண்ணறிவும் மெய்யின் தன்னறிவும் வேறுவேறு என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

3. உற்றறிவில் அடங்குமா?

தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக வகைப்படுத்தினார். உற்றறிதல் முதலாவது, நா, மூக்கு, கண், செவி என்பன ஒன்றன்மேல் ஒன்றாக ஏற, மனம் ஆறாவதாகின்றது. புல்லும் மரமும் முதற்படியில் நிற்கும். மக்கள் இறுதிப்படியில் நிற்பர். எறும்பும் ஊர்கின்றது, நண்டும் ஊர்கின்றது. ஆயின் மூவறிவும் நாலறிவும் என அவற்றைப் பிரித்தது இயக்கம் பற்றியன்று, பொறி பற்றியே என்பது கருதத்தக்கது. இயங்குதல் நிலைத்தல் என்னும் வேற்றுமையைத் தமிழர் இயங்குதிணை, நிலைத்திணை எனப் பிறிதோரிடத்துக் கொண்டனர். அறிவின் படியில் அதனை வைத்திலர். சைவ சித்தாந்தத் தத்துவ வகுப்பிலும் கையும் காலும் தொழிற்பொறிகளாக எண்ணப்பட்டன, அறிபொறிகளாக எண்ணப்படவில்லை. நடக்கும் கால் நடத்தலை அறியும் என்பதற்கு அவ்வகுப்பில் இடமில்லை.

உற்றறிவு என்பதனுள் மெய்ந்நிலையுணர்வும் அடங்காதோ எனின், வினா நேர்மையானதே. மெய் என்னும் சொல் ஐம்பொறியுள் ஒன்றற்கும் பெயர். முழு உடம்பிற்கும் பெயர். ஆதலின் மெய்யால் அறிவன எல்லாம் ஒரு புலனே எனச் சொல்ல வழியுண்டு. அன்றியும், அண்மைக்கால ஆய்வு இதற்குத் துணை போலவும் தோன்றும். 2010-இல் பட்டபூத்தியன் குழுவினர் அழுத்தத்தை உணரும் பியசோ என்னும் புரதங்களைக் கண்டறிந்தனர். 2021-இல் அவர் சூலியசுடன் நோபல் பரிசு பகிர்ந்துகொண்டார். அவற்றுள் பியசோ-2 என்பது மென்தீண்டலுக்கும் உறுப்புநிலை உணர்வுக்கும் ஒருங்கே வேண்டப்படுவது. பிறவியிலேயே அது செயற்படாத இருவரைப்பற்றி 2016-இல் வெளிவந்த ஆய்வு, கண்கட்டிய நிலையில் அவர்கள் தடுமாறாது நடக்க இயலாமையைக் காட்டியது.

இதனைக் கண்டு, தொல்காப்பியர் அன்றே உணர்ந்து இரண்டையும் ஒன்றாக்கினார் என உரைப்பாரும் தோன்றலாம். அவ்வாறு உரைத்தல் ஆய்வாகாது. ஒரு கயிறு நீர் இறைக்கவும் ஆன் பிணிக்கவும் பயன்படுதலால் இறைத்தலும் பிணித்தலும் ஒரு தொழில் ஆகா. உற்றறிவு என்பது உறுதலால் அறியும் அறிவு. உறுதற்குப் பிறிதொரு பொருள் வேண்டும். தூக்கிய கை எதனையும் உறாமலே அறியப்படுகின்றது. நூலாசிரியர் கூறாததைக் கூறினாரென ஏற்றுதல் அவரைப் பெருமைப்படுத்துவதன்று. அவர் சொல்லை நாம் கேளாமற் போவதற்கு அதுவே வழியாகும். அரிசுட்டாட்டில் விட்டதைத் தொல்காப்பியரும் விட்டார் என ஒப்புக்கொள்வதால் தமிழுக்கு இழுக்கொன்றும் இல்லை.

4. மெய்ப்பாடும் பிறர் கண்ணும்

இனி மெய்ப்பாட்டியலை நோக்குவோம். உடலைப்பற்றித் தமிழில் எழுந்த இலக்கணம் அதுவே. நகை முதல் உவகை ஈறாக எண்வகை மெய்ப்பாடும், அவற்றின் வேறாக முப்பத்திரண்டும் கூறப்படுகின்றன. அம்முப்பத்திரண்டனுள் வியர்த்தலும் நடுக்கும் உள. உள்ளத்து நிகழ்வது உடலிற் புலப்படுதலை இவ்வளவு நுணுக்கமாக எண்ணியது பெருஞ்சிறப்பே. ஆயின் அவ்வியலின் இறுதியில் ஆசிரியர் ஒன்று கூறுகின்றார்: கண்ணாலும் செவியாலும் திட்பமாக உணரவல்லார்க்கன்றி மெய்ப்பாட்டின் பொருள் எண்ணுதற்கு அரிது என்பது அதன் கருத்து.

இந்நூற்பா நம் வினாவுக்கு மிக இன்றியமையாதது. மெய்ப்பாடு அறியப்படுவது காண்பான் கண்ணாலும் கேட்பான் செவியாலும். நடுங்குகின்றவள் தன் நடுக்கத்தை எவ்வாறு அறிகின்றாள் என்பது அங்கே வினா அன்று. தோழியும் செவிலியும் அவையோரும் அதனை எவ்வாறு அறிகின்றனர் என்பதே வினா. நாடகத்தோடும் செய்யுளோடும் தொடர்புடைய ஓர் இலக்கணம் இவ்வாறு அமைவது முறையே. ஆனால் பிற்காலத் திறனாய்வாளர் அம்முறையை உடல்பற்றிய எல்லாப் பாட்டிற்கும் பொதுவாக்கி, பாட்டிலுள்ள உடல் என்றாலே பிறர் காணும் உடல் எனக் கொண்டனர். குறை இலக்கணத்தின்மேல் இல்லை. அதனை எல்லை கடந்து செலுத்திய நம்மேல் உள்ளது.

புறத்தே நின்று காணும் முறைக்குச் சிலப்பதிகார அரங்கேற்று காதை சிறந்த எடுத்துக்காட்டு. மாதவி ஏழாண்டு பயின்று பன்னிரண்டாம் அகவையில் அரங்கேறுகின்றாள். அரங்கின் அளவு துல்லியமாகத் தரப்படுகின்றது: இருபத்துநான்கு விரல் கொண்ட கோலால் ஏழுகோல் அகலம், எட்டுக்கோல் நீளம், ஒருகோல் உயரம். ஆடலாசான், இசையாசிரியன், தண்ணுமையோன், குழலோன், யாழோன் ஆகியோர் தகுதிகள் வரிசையாகக் கூறப்படுகின்றன. ஒரு வகைக் கூத்துக்குரிய கை பிறிதொன்றில் கலவாதவாறு செலுத்தவல்லவனே ஆசான் என்கின்றார் அடிகள். அவ்வாறு கலவாமைக்கு ஆடுவாளின் கை தன் நிலையைத் தானே அறிந்திருத்தல் வேண்டும். அவ்வறிவு ஆசானின் தகுதியாகச் சொல்லப்பட்டதேயன்றி, மாதவியின் அறிவாகச் சொல்லப்படவில்லை. அவள் ஆடியபோது பொற்கொடி ஒன்று ஆடியது போன்றிருந்தது என்னும் உவமை, அவையோர் கண்ட காட்சி. தலைக்கோற் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன்னும் அக்காட்சிக்குக் கிடைத்த பரிசில்.

கடலாடு காதையில் வரும் பதினோராடலுள் ஒன்று இதனினின்று சிறிது வேறுபட்டு நிற்கின்றது. அது மரக்கால். அவுணர் பாம்பும் தேளும் முதலியனவாகி வந்து செய்த வஞ்சத்தைப் பொறாத கொற்றவை மரக்கால்மேல் நின்று ஆடி அவற்றை உழக்கினாள் என்பது அதன் வரலாறு. கட்டையின் நுனி நிலத்தைத் தொடுகின்றது. ஆடுவார் அடி தொடுவதில்லை. இருந்தும் உழக்க வேண்டியதை உழக்க வேண்டுமாயின், உடலின் எல்லை பாதத்தோடு நில்லாது கட்டையின் நுனிவரை நீளுதல் வேண்டும். தஞ்சைப் பகுதியில் வழங்கும் பொய்க்கால் குதிரை ஆட்டத்தில் கட்டைக்காலுக்குப் பொய்க்கால் என்று பெயர். காண்பார்க்கு அது பொய்க்கால். பயின்று ஆடுவார்க்கு அது காலேயாம்.

5. அடி அறிந்த வழி

அகத்தே நின்று உடலைப் பாடும் பாட்டுத் தமிழில் உண்டா எனின், உண்டு. ஆற்றுப்படை நூல்களை அவ்வகையிற் படித்தல் வேண்டும். ஆற்றுப்படுத்துவோன் தான் நடந்து வந்த வழியைச் சொல்பவன். கண்டதைச் சொல்வதோடு, தன் கால் கற்றதையும் சொல்கின்றான்.

பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் நன்னன்மேற் பாடிய மலைபடுகடாம் 583 அடிகளைக் கொண்டது. மலைவழியின் இடர்களைக் கூத்தர்க்கு ஒவ்வொன்றாக எடுத்துரைக்கும் பகுதியில், நுண்ணிய பாசி மூடிய வழுக்குநிலம் ஒன்று வருகின்றது. அது அடியின் நிலைபேற்றைத் தளர்விக்கும் என்றும், அங்கே பின்னிக்கிடக்கும் மெல்லிய மூங்கிலையும் எருவையின் மென்மையான தண்டையும் பற்றிக்கொண்டு கடந்து செல்லுமாறும் புலவர் அறிவுறுத்துகின்றார்.

இப்பகுதியை இயற்கைக் காட்சி எனப் பாராட்டி மேற்செல்லுதல் எளிது. ஆயின் புலவர் கூத்தரைப் பார்க்கச் சொல்லவில்லை என்பது நோக்கத்தக்கது. பாசி நுண்ணியது, வழுக்கிடத்தை மறைத்துக் கிடப்பது, கண் அங்கே துணை செய்யாது. நிலை தளர்தலை முதலில் அறிவது அடியே. எனவே அவர் கூறும் தீர்வும் கண்ணுக்கன்றிக் கைக்கு உரியதாயிற்று. கையாற் பற்றச் சொன்னது பெருமரத்தையோ பாறையையோ அன்று, மெல்லிய தண்டுகளை. உடலின் எடையை மென்தண்டு எங்ஙனம் தாங்கும்? பல தண்டு சேர்ந்து தாங்கும் எனலுமாம். வேறொன்றும் உண்டு. 1994-இல் செக்கா, லாக்னர் என்னும் இருவர், நிற்பவர் ஒருவர் விரல்நுனியால் ஒரு பொருளை மெல்லத் தொட்டுக்கொண்டாலே, அத்தொடுகை உடலைத் தாங்கும் வலிவில்லாதபோதும், அவர்தம் தள்ளாட்டம் குறைதலை அளந்து காட்டினர். தொடுகை நல்குவது தாங்குதலை மட்டுமன்று. உடல் எப்பக்கம் சாய்கின்றது என்னும் செய்தியையும் நல்குகின்றது. பெருங்கௌசிகனார் இக்கொள்கையை அறிந்தார் என யாம் சொல்லவில்லை. மலைவழியில் நடப்பார் செய்வதை அவர் பிழையின்றி நோக்கினார்; நோக்கியதைப் பாட்டில் வைத்தார். கொள்கை இல்லாமலும் செய்தி உண்மையாக இருத்தல் கூடும். இதனைப் பிரித்தறிதலே திறனாய்வாளன் கடன்.

6. கோலூன்றிய முதுமை

மெய்யின் தன்னறிவை நெஞ்சு நெகிழப் பாடிய பாட்டு புறநானூற்று 243 ஆம் பாட்டென்பது எம் துணிபு. பாடியவரின் இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. பூண் அமைந்த தலையினையுடைய பெருங்கோல் என்று பாட்டில் வரும் தொடரே அவர் பெயராகித் தொடித்தலை விழுத்தண்டினார் என வழங்குகின்றது. திணை பொதுவியல், துறை கையறுநிலை.

பாட்டின் பொருள் இது. மணலிற் செய்த பாவைக்குப் பூச்சூட்டிய மகளிரோடு கைகோத்து, அவர் தழுவியவிடத்துத் தழுவியும் அசைந்தவிடத்து அசைந்தும், ஒளிவு மறைவு அறியாத சிறுவரோடு விளையாடிய காலம் ஒன்று. நீரின்மேல் தாழ்ந்த மருதமரக் கிளையேறி, கரையில் நிற்போர் வியக்க, திரை எழுந்து துளி சிதறக் குதித்து, ஆழ்ந்த மடுவில் மூழ்கி அடிமணலை அள்ளிவந்து காட்டிய இளமை அது. இன்று கோலூன்றி, நடுக்குற்று, இருமலுக்கிடையே சிலசொல் பேசும் முதியோனாகிய எமக்கு அவ்விளமை எங்குள்ளதோ என்று அவர் இரங்குகின்றார்.

இளமை நிலையாமைக்கு இப்பாட்டை எடுத்துக்காட்டுதல் மரபு. அது தவறன்று, நிறைவுடையதுமன்று. முதியவர் நினைவிற் கொண்டவை எவை என எண்ணிப் பார்த்தல் வேண்டும். தாம் இளமையில் எத்தகைய தோற்றத்தர் என அவர் கூறவில்லை. நிறமும் முகமும் தோளழகும் பேசவில்லை. பிறர் அசைய உடன் அசைந்த அசைவு, கிளையில் ஏறிய ஏற்றம், குதித்த குதிப்பு, மூழ்கிய மூழ்கல், மணலை அள்ளிய கை ஆகியவையே பாட்டில் நிறைந்துள்ளன. அனைத்தும் வினைகள். வியந்து நின்ற கரையோர் கண்டது குதித்தலையும் தெறித்த துளியையும் மட்டுமே. மடுவின் ஆழத்தில் நிகழ்ந்ததை எவரும் கண்டிலர். ஆழ்நீரில் எது மேல், எது கீழ், கை எவ்வளவு நீண்டது, தரை எப்போது எட்டியது என்பவற்றைச் சிறுவன் தன் மெய்யாலே அறிந்தான். வெளிவந்து மணலைக் காட்டியது, பிறர் காணாத அவ்வறிவுக்குப் பிறர் காணத்தக்க சான்று தருதற்காகவேயாம். பாட்டின் நடுவே மணல் வந்து நிற்பது இதனால்தான் பொருளுடைத்தாகின்றது. முதற்கண் பாவையாகக் கையால் வனையப்பட்ட மணல், பின்பு காணவொண்ணாத ஆழத்தினின்று கைப்பற்றி வரப்பட்ட மணலாகின்றது.

பின்னர்க் கோல் வருகின்றது. முதுமையில் தசைவலி குன்றுவதோடு மெய்ந்நிலையுணர்வும் குன்றும் என்பது இன்று நன்கறிந்த உண்மை. ஊன்றுகோல் உடலின் பாரத்தைத் தாங்குவதோடு நிலத்தின் செய்தியையும் கைக்குக் கொணர்கின்றது. மலைபடுகடாத்தில் மென்தண்டு செய்த உதவியைப் புறப்பாட்டில் பூணணிந்த கோல் செய்கின்றது. ஆழத்தில் துணையின்றித் தன் நிலையை அறிந்த மெய், இன்று சமநிலத்திலும் ஒரு கோலைக் கேட்டு அறிய வேண்டியதாயிற்று. முதியவர் இரங்குவது அழகு போயிற்றே என்றன்று. தம் மெய்யைத் தாம் அறிந்த அறிவு போயிற்றே என்று. கையறுநிலை என்னும் துறைப்பெயர் இப்பாட்டளவில் சொற்பொருளாகவும் பொருந்துகின்றது. இவ்வாறு படித்தாலன்றி, நடுக்கமும் இருமலும் முதுமைக்குரிய வெறும் அடையாளங்களாகிவிடும். இளமை விளையாட்டு ஓர் ஓவியமாகிவிடும். இரண்டிற்கும் உள்ள பிணைப்பு அறுந்துவிடும்.

7. பெயரும் பணியும்

இவ்வுணர்வுக்குத் தமிழில் என்ன பெயர் தருவது? தன்னுணர்வு எனின், தான் என்னும் எண்ணத்தோடு மயங்கும். மெய்யுணர்வு எனின், திருக்குறளில் மெய்யுணர்தல் என ஓர் அதிகாரம் உண்மைப்பொருளை உணர்தல் என்னும் கருத்தில் நிற்றலின், அதனோடு மயங்கும். தசையுணர்வு எனின், மூட்டும் உட்செவியும் விடுபடும். உறுப்பின் நிலையும் அதன் மாற்றமாகிய அசைவும் நிலை என்னும் சொல்லில் அடங்குமாதலின், மெய்ந்நிலையுணர்வு என்பது பொருந்தும் எனக் கருதி இக்கட்டுரையில் அதனை ஆண்டோம். இதனினும் சிறந்த சொல்லை அறிஞர் தருவாராயின் ஏற்றல் கடனாகும். வழக்கில் கைவந்தது, கைதவறியது, நிலைதடுமாறினான் என்னும் சொற்கள் நெடுங்காலமாக உள. இலக்கணம் எண்ணாத ஒரு புலனைப் பேச்சுவழக்கு மறவாது போற்றி வந்துள்ளது என்பதற்கு இவை போதிய சான்றாகும்.

முடிவாக மூன்று கருத்துகள் பெறப்படும். ஐம்புலப் பாகுபாட்டில் மெய்ந்நிலையுணர்வுக்குத் தனியிடம் இல்லை. அதனை ஏற்றிக் கூறுதல் தகாது. மெய்ப்பாட்டியல் உடலைக் காண்பார் பக்கம் நின்று ஆராய்வது. உடலுடையார் பக்கம் நின்று பாடிய பாட்டுக்கு அவ்வளவுகோல் மட்டும் போதாது. இலக்கணம் கூறாததைப் புலவர் தம் நுண்ணோக்கால் பாட்டில் வைத்திருக்கின்றனர். அதனைக் காட்சி எனப் பெயரிட்டு ஒதுக்குதல் இழப்பாகும்.

இவ்வாய்வு தொடரத்தக்கது. பரிபாடலின் வையைப் புனலாட்டும், முல்லைக்கலியின் ஏறுதழுவலும், மகளிர் ஊசலாடும் இடங்களும் இந்நோக்கில் மீளப் படிக்கப்படல் வேண்டும். படிப்போர் ஒவ்வோரிடத்தும் இவ்வினாவை எழுப்புக: இங்கே உடலை அறிகின்றவர் யார்? காண்பவரா, அவ்வுடலை உடையவரா? விடை பெரும்பாலும் முன்னதாகவே அமையலாம். பின்னதாக அமையும் சிலவிடங்களில், நாம் பலமுறை படித்த பாட்டு முன் அறியாத பொருள் தருதலைக் காண்போம்.